மணல்தானே கிடக்கிறது?

ஜைசல்மேரில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் முதலில் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து வெயிலைப் பற்றி. அதற்கப்புறம் கேள்வி நின்றுபோய் யோசனை ஆரம்பிக்கும். தாராபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரிய மாமா, ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே சொன்னார்: “ஏம் மாப்ள, அங்க வெறும் மணலுதான கெடக்குது? பூராத்துலயும் சோலாரப் போட்டு உட்டா நாட்டுக்கே கரண்டு ஆச்சில்ல? இல்லீன்னா வாய்க்காலு வெட்டி வெவசாயம் பண்ணோணும். சும்மா கெடக்குற எடத்த எதுக்கு உட்டு வெக்கறது?” நான் சிரித்துவிட்டு மோர் கேட்டேன். பந்தியில் உட்கார்ந்து மாமாவோடு வாதம் பண்ண முடியாது. ஆனால் அந்தப் பேச்சு என்னோடு ரயிலேறி ஜோத்பூர் வரை வந்தது. ஏனென்றால் அதைச் சொன்னவருக்கே காங்கேயம் சாலையில் எட்டு ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. அதில் அவர் உழுவதும் இல்லை, விதைப்பதும் இல்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். மாடு மேய்கிறது, அவ்வளவுதான். அந்த எட்டு ஏக்கரைப் பார்த்து யாராவது ‘சும்மா கிடக்குது’ என்று சொன்னால் மாமா கடைசிவரை அந்த ஆளோடு பேச மாட்டார்.

மாமாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. தேசத்தின் தரிசு நில வரைபடத்திலேயே பாலைவன மணலுக்கென்று ஒரு வகை இருக்கிறது. செயற்கைக்கோள் மேலிருந்து பார்க்கிறது, பழுப்பாகத் தெரிகிறது, தரிசு என்று பதிவாகிறது. நான் வேலை பார்க்கும் துறையே அந்தப் பழுப்பு நிறத்தை நம்பித்தான் நடக்கிறது. சோலார் பூங்காக்களிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயர் அழுத்தக் கம்பிப் பாதைக்கு நிலம் அளப்பது என் வேலை. அதனால் இந்தக் கட்டுரையை வெளியே நின்று குறை சொல்பவனின் குரலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சோலார் வேண்டும். நிலக்கரியையே எரித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் எங்கே போடுகிறோம், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வேலையையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டாமா என்பதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

தார் பாலைவனத்தைப் பற்றி நாம் மனதில் வைத்திருக்கும் படம், சினிமாவில் கதாநாயகன் தவழ்ந்து போகும் மணல்மேடு. அப்படிப்பட்ட மணல்மேடுகள் இங்கே உண்டு. ஜைசல்மேரை அடுத்த சாம் என்ற ஊர்ப் பக்கம் போனால் சுற்றுலா ஜீப்புகள் அதன்மேல் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் பெரும்பகுதி அப்படியில்லை. சரளைத் தரை, பாறை மேடு, கெட்டி மண், உப்புப் பள்ளம், புல்வெளி என்று பத்து கிலோமீட்டருக்கு ஒரு தினுசாக மாறிக்கொண்டே வரும். உலகத்துப் பாலைவனங்களில் மனிதர்கள் மிக நெருக்கமாக வாழ்கிற ஒன்று இது. ஜைசல்மேரில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 490 மில்லிமீட்டர் கொட்டியதே, அது இங்கே இரண்டு வருஷத்து மழைக்கும் மேல். அந்த 200 மில்லிமீட்டரும் ஒழுங்காக வருவதில்லை. ஆடி, ஆவணியில் நான்கைந்து நாள் பெய்யும். ஒரு வருஷம் அதுவும் தவறும். இன்னொரு வருஷம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து இறங்கும். 2006 ஆகஸ்டில் பார்மேர் பக்கம் கவாஸ் என்ற ஊர் அப்படித்தான் வெள்ளத்தில் மூழ்கியது. பாலைவனத்தில் வெள்ளத்தில் மக்கள் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தபோது பலர் நம்பவில்லை. மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படலம் இருந்ததால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மாதக்கணக்கில் ஏரி மாதிரி தேங்கி நின்றது.

ஆக, இங்கே வாழ்கிற எதற்கும் மழையை நம்பித் திட்டம் போடுகிற வசதி கிடையாது. மழை எப்போது வந்தாலும் பிடித்துக்கொள்ளவும், வராவிட்டால் தாங்கிக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும். கேஜ்ரி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வன்னி மரம்தான். விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிறதே, அதே மரம். நம்மூரில் அதைச் சுற்றி வந்து கும்பிடுகிறோம், இங்கே அதை வைத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். சித்திரை, வைகாசியில் மற்றதெல்லாம் கருகிக் கிடக்கும்போது இந்த மரம் புதுத் தளிர் விடும். வேர் 30 மீட்டர் ஆழம் வரைக்கும் போகும் என்பதால் மேலே இருக்கும் வெயிலைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி பதிவாயிற்று. அந்த மாதிரி நாட்களில்கூட கேஜ்ரியின் கீழே ஆடுகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் கிளைகளைக் கழித்து இலையைக் காயவைத்து ‘லூங்’ என்று தீவனமாகச் சேர்த்து வைப்பார்கள். காய் ‘சாங்ரி’. அதைக் காயவைத்து, கேர் என்ற புதரின் காயோடு சேர்த்து வதக்குகிற கறி கல்யாண வீட்டில் கட்டாயம். மரத்தடியில் கம்பு விதைத்தால் மற்ற இடத்தைவிட நன்றாக வரும் என்று எந்த விவசாயியும் சொல்வார். விக்ரம ஆண்டு 1956இல், அதாவது 1899-1900இல், வந்த ‘சப்பனியா’ பஞ்சத்தில் இதன் பட்டையை இடித்து மாவாக்கித் தின்று உயிர் பிழைத்தார்கள். 1730இல் ஜோத்பூர் அரண்மனை வேலைக்காகக் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி தொடங்கி பிஷ்னோய் சமூகத்தார் 363 பேர் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி வெட்டுப்பட்டுச் செத்த கதை பலருக்கும் தெரியும். அதைப் பக்தி என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். அந்த மரம் போனால் ஆடு, மாடு, கம்பு, பஞ்சகாலச் சோறு எல்லாமே போகும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.

படிவத்தில் இல்லாத கட்டம்

என் நினைப்பை மாற்றிய ஒரு பகல் உண்டு. வைகாசி மாதம். ‘லூ’ என்று இங்கே சொல்லும் வெப்பக் காற்று அடிக்கும் காலம். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே விட்டுக்கொண்டுதான் வேலை. கம்பிப் பாதையின் கோபுரம் எங்கெங்கே வரும் என்று குறித்துக்கொண்டு போகிறோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிலத்தின் வகை, சரிவு, அருகில் உள்ள பாதை, கட்டடம், மரங்களின் எண்ணிக்கை. மரம் இருந்தால் எண்ணிக்கையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் சுழியம். மரம் தவிர வேறு எந்தச் செடிக்கும் அதில் கட்டம் கிடையாது. நாங்கள் நின்ற இடம் நான்கு பக்கமும் வெட்டவெளி. தரையில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த தட்டைகள், துடைப்பத்தை வெட்டி நட்டுவைத்ததுபோல, இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக நின்றன. தூரத்தில் ஒரே ஒரு கேஜ்ரி. அதன் கீழே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மாடுகள் அந்தக் காய்ந்த தட்டைகளைக் கடித்துக்கொண்டிருந்தன. தார்பார்க்கர் மாடுகள். வெள்ளையும் சாம்பலுமான நிறம், நல்ல திமில். எலும்பு தெரியவில்லை. அதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. இந்த வெயிலில், இந்தத் தரையில், மாட்டுக்கு எலும்பு தெரிய வேண்டுமே!

நிழலுக்காக நாங்களும் அந்த மரத்தடிக்குப் போனோம். பெரியவர் தண்ணீர் கொடுத்தார். என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். படிவத்தைக் காட்டச் சொன்னார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கட்டங்களை விரலால் தொட்டுக்கொண்டே போய் ஒவ்வொன்றும் என்ன என்று கேட்டார். மரங்களின் எண்ணிக்கைக்கு வந்ததும் நிறுத்தி, “இதில் என்ன போட்டிருக்கிறாய் பேட்டா?” என்றார். கோபுரம் வரும் இடத்தில் மரம் இல்லை, சுழியம் என்றேன். “புல்லுக்கு?” புல்லுக்குக் கட்டம் இல்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. எழுந்து வெயிலில் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

ஒரு தட்டையின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையால் மணலை விலக்கினார். மேலே சாம்பல் நிறத்தில் செத்ததுபோல் இருந்தது, நான்கு விரல்கடை கீழே போனதும் வெளிறிய பச்சையாக மாறியது. நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினார். ஈரம். திரும்ப மணலைத் தள்ளி மூடினார், பிள்ளைக்குப் போர்த்திவிடுவதைப்போல. அப்புறம், காற்று மண்ணை அரித்துக் கொண்டுபோன ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே அதே புல்லின் வேர் வெளியே தெரிந்தது. வேரின் நீளம் முழுக்க மணல் துகள்கள் ஒட்டி, வேருக்குக் காலுறை மாட்டிவிட்டதைப்போல இருந்தது. ஊதினால் உதிரும் என்று நினைத்து ஊதினேன், உதிரவில்லை. வேர் கசியவிடும் பிசினில் மணல் ஒட்டி உறையாகி, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். புல்லின் பெயர் சேவண். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் பல வருஷம் இருக்கும். இருபது வருஷம்கூடத் தாங்கும் என்கிறார்கள். பெரியவர் கணக்கு வேறு மாதிரி இருந்தது. “இந்தத் தூர் என் கல்யாணத்துக்கு முன்னாலேயே இங்கே இருக்கிறது” என்றார். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். இருந்தாலும் நான் மறுத்துப் பேசவில்லை.

அதே இடத்தில் கொஞ்சம் தள்ளி, வேறொரு புல்லின் காய்ந்த கதிர் மணலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நரி வாலைப்போன்ற கதிர். அவர் ‘தாமண்’ என்றார். நான் ‘கொழுக்கட்டை’ என்றேன். மாமாவின் கொறங்காட்டில் சின்ன வயதில் உருவி உருவி விளையாடிய அதே கதிர். தாராபுரத்திலும் ஜைசல்மேரிலும் ஒரே புல்லை மாடு தின்கிறது. ஒன்றுக்குப் பட்டா இருக்கிறது, வேலி இருக்கிறது, சொந்தக்காரர் பந்தியில் உட்கார்ந்து பேசுகிறார். இன்னொன்றுக்குச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பழுப்புப் புள்ளிதான். அந்தப் பகலுக்குப் பிறகு எனக்கு ‘காலி நிலம்’ என்று படிவத்தில் எழுதுவது கை வராமல் போயிற்று. மேலதிகாரியிடம் புல்லுக்கும் ஒரு கட்டம் சேர்க்கலாமே என்று கேட்டேன். “ஃபார்மட் மேலிருந்து வருது, நம்ம கையில இல்ல” என்றார். சரி, ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் எழுதிவைத்தேன். அதை யாரும் படிப்பதில்லை.

ஆடி மாத மழைக்குப் பிறகு அந்தப் பக்கம் போக நேர்ந்தது. முழங்கால் உயரத்துக்குப் புல். காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. காலுறை முழுக்க ‘புருட்’ புல்லின் முள் ஒட்டிக்கொண்டு, சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். புல் வந்தால் பின்னாலேயே எல்லாம் வரும். வளைக்குள் இருந்த முள்வால் ஓணான்கள் வெளியே வந்து பசு மாதிரி இலை மேயும். ஓணான் இனத்தில் முழுச் சைவம் அபூர்வம், இது கிட்டத்தட்ட அப்படி. நாள்முழுக்க வளையில் இருந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் வெள்ளெலிகள் விதை பொறுக்கும். வெள்ளெலிக்காகச் சுருட்டை விரியனும் நரியும் வரும். சிங்காரா மான் செடியில் இருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்தே நாட்கணக்கில் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கும். கல்கவுதாரி ஆண் பறவை குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு பறந்து போய், இறகில் ஊறிய தண்ணீரைக் குஞ்சுகளுக்குக் குடிக்கக் கொடுக்கும். படித்தபோது கதை என்று நினைத்தேன். ஒரு குட்டையோரம் ஆண் பறவை ஒன்று வயிற்றைத் தண்ணீரில் வைத்து ஆட்டி ஆட்டி நனைப்பதைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகம் போய்விட்டது.

திருத்தியவர்களின் வரிசை

பாலைவனத்தைத் திருத்தி நல்ல வழிக்குக் கொண்டுவர நினைத்தவர்களில் மாமா முதல் ஆள் கிடையாது. மணல் பறக்காமல் இருக்கவும், விறகுக்காகவும் 1913 வாக்கில் ஜோத்பூர் சமஸ்தானத்தில் ஒரு வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். 1940இல் அதற்கு ‘ராஜ மரம்’ என்று பட்டம் கொடுத்துக் காப்பாற்றச் சொன்னார்கள். இங்கே அதன் பெயர் விலாயத்தி பாபுல். நம்மூரில் சீமைக் கருவேலம். மேற்கொண்டு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ராமநாதபுரத்துக்காரரைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். கரி மூட்டம் போட்டுப் பிழைத்தவர்களும் உண்டு, கண்மாயை இழந்தவர்களும் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்வார். இங்கேயும் அதே கதைதான். ஆடு காயைத் தின்று விதையைப் பரப்ப, பரப்ப, புல் இருந்த இடமெல்லாம் முள்ளாகிவிட்டது. மேலிருந்து பார்த்தால் பச்சை. கீழே மேய ஒன்றுமில்லை.

அடுத்தது வாய்க்கால். 1958இல் தோண்டத் தொடங்கினார்கள். பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து 649 கிலோமீட்டர். முதலில் ராஜஸ்தான் கால்வாய், 1984க்குப் பிறகு இந்திரா காந்தி கால்வாய். இதை எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது. ஜோத்பூர், பிகானேர், ஜைசல்மேர் மக்களுக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது. நான் தினமும் குளிப்பதும் அந்தத் தண்ணீரில்தான். பல மைல் நடந்து தலையில் குடம் சுமந்த பெண்ணிடம் போய் ‘வாய்க்கால் சுற்றுச்சூழலைக் கெடுத்தது’ என்று நான் சொன்னால் அவர் குடத்தாலேயே அடிப்பார், அடிக்கவும் வேண்டும். ஆனால் குடிதண்ணீரோடு அது நிற்கவில்லை. சேவண் புல்வெளிகளை உழுது போட்டார்கள். மூன்று வருஷத்தில் ஒரு வருஷம் விளைந்தாலும் போதும் என்று கம்பும் கொத்தவரையும் போட்ட இடத்தில் கோதுமையும் பருத்தியும் வந்தன. ஹனுமான்கர் பக்கம் பல இடங்களில் மண்ணுக்கு அடியில் தண்ணீர் இறங்காத படலம் இருந்தது. பாய்ச்சிய தண்ணீர் தேங்கி, உப்பை மேலே இழுத்துக்கொண்டு வந்து, விளைந்த நிலமே சேறும் உப்புமாகப் போயிற்று. கவாஸில் 2006இல் மழைத் தண்ணீருக்கு நேர்ந்ததும் இதே வகைதான். மேலே இருக்கும் மணலைப் பார்த்தவர்கள் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. 1994இல் ஜைசல்மேர், பார்மேர் பக்கம் மலேரியா கொள்ளைநோயாக வந்து ஆட்களைக் கொண்டுபோனது. அந்த வருஷம் மழையும் அதிகம். ஆனால் கொசு வருஷம் முழுக்கத் தங்கிப் பெருக வாய்க்காலும் கசிவுக் குட்டைகளும் இடம் கொடுத்தன என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

இத்தனைக்கும் இங்கே தண்ணீர்க் கணக்கு தெரியாத ஜனங்கள் இல்லை. ஜைசல்மேரைச் சுற்றிப் பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னாலேயே ‘கடீன்’ என்று ஒன்றைச் செய்து வைத்தார்கள். பாறை மேட்டிலிருந்து ஓடி வரும் மழைத் தண்ணீரைத் தாழ்வான இடத்தில் நீளமான மண்கரை போட்டு நிறுத்துவது. தண்ணீர் முழுக்க மண்ணுக்குள் இறங்கும்வரை காத்திருந்து, ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பது. ஒரு பாசனம்கூடக் கிடையாது. இன்றும் விளைகிறது. 100 மில்லிமீட்டர் மழையில் கோதுமை விளைகிற நிலத்தைப் போய் நான் பார்த்திருக்கிறேன். வரப்பில் நின்றபோது கால் கொஞ்சம் புதைந்தது. அந்த ஊர்க்காரர்கள் இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.

மூன்றாவதாக வந்திருப்பது நாங்கள். பலோடி பக்கம் பட்லா சோலார் பூங்கா 14,000 ஏக்கர், 2,245 மெகாவாட். அதன் ஓரமாக ஜீப்பில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் நீலக் கண்ணாடிதான். அதைக் கட்டியவர்களின் திறமையில் எனக்கு மரியாதை உண்டு, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் பூங்கா வந்த இடங்களில் கேஜ்ரிகள் வெட்டப்பட்டதற்காகப் பிகானேர் பக்கம் பிஷ்னோய்கள் தர்ணா உட்கார்ந்தார்கள். நடுகிறோமே, ஒன்றுக்குப் பத்து நடுகிறோமே என்று பதில் வருகிறது. நூறு வருஷ கேஜ்ரிக்கு ஈடாகப் பத்து கன்று என்பது எந்தக் கணக்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்புறம், கானமயில். ராஜஸ்தானின் மாநிலப் பறவை, உள்ளூரில் கோடாவண். ஒரு மீட்டர் உயரம், ஆண் 15 கிலோ வரை வரும். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. முட்டை பெரும்பாலும் வருஷத்துக்கு ஒன்று, அதையும் வெறும் தரையில் இடும். மரத்தில் ஏறாது, காடு தேவையில்லை. வேண்டியதெல்லாம் திறந்த புல்வெளி மட்டும்தான். அதாவது, எங்கள் படிவத்தில் சுழியம் போட்ட இடம்தான் அதன் வீடு. நாட்டில் இப்போது 150க்கும் குறைவாகவே மிச்சம் இருக்கின்றன, அதில் பெரும்பாலானவை இங்கே. கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது அதற்குச் சரியாகத் தெரியாது. கனத்த உடம்பு, சட்டென்று திரும்பவும் முடியாது. எதிரே உயர் அழுத்தக் கம்பி. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இங்கே கம்பிகளைப் பூமிக்கடியில் போடச் சொன்னது. செலவும் தொழில்நுட்பமும் ஒத்துவராது என்று அரசு வாதாட, 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்தது. எங்கள் கம்பிகளில் இப்போது பறவை கண்ணில் படுவதற்காகத் தட்டுகள் மாட்டுகிறோம், காற்றில் சுழலும். சாமிலும் ராம்தேவ்ராவிலும் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கிறார்கள். 2024இல் செயற்கைக் கருவூட்டல் மூலமே ஒரு குஞ்சு பிறந்தது. பெரிய சாதனைதான். பிறந்த குஞ்சை வளர்த்து எந்தப் புல்லில் கொண்டுபோய் விடுவது என்பதைத்தான் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை.

காடு என்று எழுதினால்

அந்தப் பெரியவர் மாடு மேய்த்த இடம் ஒரு ஓரண். ஊர் தெய்வத்துக்கு விட்ட நிலம். தலைமுறை தலைமுறையாக அங்கே கோடாலி படக்கூடாது, ஏர் படக்கூடாது, மாடு மேயலாம். எழுதாத சட்டம். எழுதாததுதான் பிரச்சினையும். பல ஓரண்கள் வருவாய்த் துறைப் பதிவேட்டில் அரசு தரிசு என்றே இருக்கின்றன. அதனால் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுப்பதும் எளிதாகிவிட்டது. ஜைசல்மேரின் தேக்ராய் ஓரணைப் பதிவேட்டில் முழுதாக ஏற்றச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் அலைந்துகொண்டிருக்கிறார்கள். நாள்கணக்கில் பாதயாத்திரையும் போனார்கள்.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ராஜஸ்தானின் ஓரண்களையெல்லாம் அளந்து, வரைபடம் போட்டு, காடு என்று வகைப்படுத்திக் காப்பாற்ற வேண்டும் என்று. வந்தது எந்த வழக்கில் தெரியுமா? நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மரம் வெட்டியதை எதிர்த்து 1995இல் தொடங்கிய கோதவர்மன் வழக்கில். நம் மலையில் ஆரம்பித்த வழக்கு இந்த மணலுக்குக் காவலாக வந்திருக்கிறது என்று எனக்கு உடனே சந்தோஷம். பெரியவருக்குப் போன் போட்டேன். அவர் பேரன்தான் எடுத்தான், பிறகு அவரிடம் கொடுத்தான். இனிமேல் உங்கள் ஓரணில் யாரும் கோபுரம் நட முடியாது, காடு என்று எழுதப் போகிறார்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “காடு என்று எழுதினால் காட்டிலாகா வேலி போடும். மாடு எங்கே மேயும்?” என்றார்.

அவர் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு முன்பே, 2024 பிப்ரவரியில் ஓரண்களைக் காடாகக் கருதப்போவதாக மாநில அரசு அறிவித்தபோதே ஊர் ஊராக ஆட்சேபணை கிளம்பியது. தீர்ப்பில் ஊர்மக்களின் உரிமையைப் பற்றியும், அவர்களையே காவலர்களாக வைத்துக்கொள்வது பற்றியும் நல்ல வரிகள் உண்டு. நான் அவருக்கு அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நீதிமன்றத்தில் எழுதுவது ஒன்று, வேலியோரம் நிற்கும் வனக்காவலர் செய்வது இன்னொன்று என்பது அவர் அனுபவம். எனக்கு வேறொரு கவலையும் உண்டு. காடு என்று பெயர் வந்ததும் அங்கே மரம் நடத் தோன்றும். மரம் நட்டால் புல் குறையும், புல் குறைந்தால் மாடும் போகும், கானமயிலும் போகும். மேயாமலே விட்டாலும் சேவண் தூர் முற்றிக் கட்டையாகிப் போகும், கடித்துக்கொண்டே இருந்தால்தான் புதுத் தளிர் விடும் என்கிறார் பெரியவர். மாமாவும் தன் கொறங்காட்டைப் பற்றி இதையேதான் சொல்வார். தரிசு என்றாலும் தப்பு, காடு என்றாலும் முழுச் சரி இல்லை. இது மேய்ச்சல் புல்வெளி. அப்படி ஒரு வகையாகவே எழுதி, மேய்கிறவன் பெயரோடு பதிவு செய்வதற்கு என்ன தடை?

இப்போது பேரன் ஒரு மனு தயார் செய்துகொண்டிருக்கிறான். கல்லூரியில் படிக்கிற பையன், கம்ப்யூட்டரில் இந்தியில் டைப் அடிக்கிறான். வரைவை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டான். தெய்வத்தின் மகிமை இரண்டு பக்கம் இருந்தது. நல்லது, அது இருக்கட்டும், ஆனால் சேவண், தாமண், புருட் என்று ஓரணில் இருக்கும் புல் ஒவ்வொன்றின் பெயரும், எந்த மாதத்தில் எத்தனை மாடு மேய்கிறது என்ற கணக்கும் எழுது என்றேன். போட்டோ வைக்கிறாய் என்றால் மே மாதம் எடுத்ததை வைக்காதே, ஆகஸ்டில் எடு என்றும் சொன்னேன். தாத்தாவிடம் கேட்டானாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை, மே மாதப் படத்துக்குக் கீழே ‘இதுவும் புல்தான்’ என்று எழுது என்றாராம். அப்படியே அடித்து அனுப்பியிருக்கிறான். பட்வாரி, அதாவது நம்மூர் வி.ஏ.ஓ. மாதிரி, அவர் ஆபீஸில் இன்னும் ரசீது கொடுக்கவில்லை.